கல்லுக்குப் பெயர் கடைசியில்: பாறைப் பாடத்தைக் கையால் நடத்துவது எப்படி?

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயரைப் பலகையில் எழுதித் தொடங்கினால், மாணவர்களுக்கு மனப்பாடம் செய்ய மூன்று சொல் கிடைக்கும், அவ்வளவுதான். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கல்லைக் கீறட்டும், எடை போடட்டும், வினிகர் விட்டுப் பார்க்கட்டும். பெயர் கடைசியில் வரட்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு நான்கு பாடவேளை போதும்.

கல் சேர்ப்பது

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்தில் கருங்கல் ஜல்லி, கிரானைட் கடை வாசலில் வெட்டிப்போட்ட கடப்பா, கறுப்பு கிரானைட், மார்பிள் துண்டுகள், காட்டு மேட்டில் வெங்கச்சங்கல், செம்மண் பகுதியில் செம்புறாங்கல், கரிசல் நிலத்தில் சுக்கான்கல், உடைந்த கல்சட்டி ஓடு (இதுதான் மாக்கல்). ஒவ்வொன்றும் 100 முதல் 200 கிராம் இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் எடைச் சோதனை சரியாக வராது.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கமாவது புதிதாக உடைந்த முகம் வேண்டும். வெயில் மழையில் கிடந்த மேல்தோல் இளகிப்போயிருக்கும். அதைக் கீறினால் கடினமான கல்லும் மென்மையானதாகவே தெரியும். உடைக்கும்போது கல்லைச் சாக்குக்குள் வைத்து, கண்ணாடி அணிந்து, ஆசிரியரே சுத்தியலால் அடிக்க வேண்டும். எண்ணை எழுத வெள்ளை பெயின்ட் பொட்டு வைத்து அதன்மேல் மார்க்கர். காகிதம் ஒட்டினால் முதல் தண்ணீர்ச் சோதனையிலேயே உரிந்துவிடும். எடுத்த இடத்தை நோட்டில் குறிக்க மறக்காதீர்கள். கடைத் துண்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடமே கேட்டுவிடலாம்.

இரண்டு கறுப்புக் கல்

கடப்பாவையும் கறுப்பு கிரானைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் அடுப்படி மேடையாகப் போடுவது. “இரண்டும் ஒரே கல்லா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

இரும்பு ஆணியால் கீறினால் கடப்பாவில் வெளுத்த கோடு விழும். கிரானைட்டில் ஆணிதான் தேய்ந்து, சாம்பல் நிற இரும்புத் தடத்தை விட்டுச் செல்லும். மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான்: தடத்தைக் கீறல் என்று எழுதிவிடுவார்கள். விரலை ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். நகத்தால் நெருடினால் பள்ளம் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால்தான் அது கீறல். கண்ணாடித் துண்டின்மேல் கல்லைக் கீறும்போதும் இதே கதை. மாக்கல் கண்ணாடியில் அழகாக வெள்ளைக் கோடு போடும், துடைத்தால் போய்விடும். அது கல்லின் மாவு. வெங்கச்சங்கல் போடும் கோடு துடைத்தாலும் போகாது. (கண்ணாடியின் விளிம்புக்கு டேப் ஒட்டி, மேசைமேல் படுக்கவைத்தே கீற வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது.)

கடினத்தன்மையை 1 முதல் 10 வரை காட்டும் மோ அளவுகோலில் நகம் சுமார் 2.5, செம்புக்கம்பி 3, கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் 7. இந்த அளவுகோல் கனிமத்துக்கு உரியது, பாறைக்கு அல்ல. ஜல்லியில் பல கனிமங்கள் சிறு மணிகளாகக் கலந்திருக்கும். ஒருவர் ஒரு மணியையும் இன்னொருவர் வேறு மணியையும் கீறிவிட்டு விடைக்காகச் சண்டை போடுவார்கள். விட்டுவிடுங்கள், பாறை வேறு, கனிமம் வேறு என்பது அந்தச் சண்டையில்தான் புரியும்.

அடுத்து வினிகர். நேராக ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கடையில் விற்பது நீர்த்த அமிலம். கடப்பாவை ஆணியால் நன்றாகச் சுரண்டி, அந்த மாவின்மேல் ஒரு சொட்டு விட்டு, கைலென்ஸால் பார்க்க வேண்டும். நுரை பொங்கும். கல்லில் உள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட கடப்பா மேடை வெளுத்துப்போவதற்கும் அதுவே காரணம். கறுப்பு கிரானைட் மாவு அசையாது. மார்பிளும் சுக்கான்கல்லும் பொங்கும். செம்புறாங்கல்லில் மட்டும் கவனம்: துளைகளில் உள்ள காற்றும் குமிழியாக வரும். அதனால் எந்தக் கல்லானாலும் முதலில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு, பிறகு வினிகர்.

இப்போது பெயரைச் சொல்லலாம். கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல், அதாவது அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப்பாறை. கறுப்பு கிரானைட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் கிரானைட்டே அல்ல, டோலரைட் அல்லது கேப்ரோ வகைத் தீப்பாறை, அதாவது உருகிய பாறைக் குழம்பு குளிர்ந்து இறுகியது. கடைப் பெயரை நம்பாதே என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

அடர்த்தி

சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உலர்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீரில் முழுவதும் அமிழும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமே கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 159 கிராம் வெங்கச்சங்கல்லுக்குத் தராசு 60 காட்டினால் 2.65, குவார்ட்ஸுக்கு அதுதான் சரி. விடை 1-ஐ ஒட்டி வந்தால் கல் அடியைத் தொட்டிருக்கிறது, நூலைத் தூக்குங்கள்.

படிகாரம்

சில கல்லில் மணி பெரிது, சிலவற்றில் கண்ணுக்கே தெரியாது. ஏன்? 200 மில்லி சுடுநீரில் 60 கிராம் படிகாரத்தைக் கரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கலக்குங்கள். சில நிமிடங்களில் மாவாகப் படியும். இன்னொரு பாதியைத் துண்டால் சுற்றி, ஆடாமல் மறுநாள்வரை விடுங்கள். முகங்கள் தெளிவான படிகங்கள் இருக்கும். நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்த பாறைக்குப் பெரிய மணி, மேலே விரைவாகக் குளிர்ந்ததற்குப் பொடி மணி. ஆனால் பாறைக் குழம்பு தண்ணீரில் கரைந்த கரைசல் அல்ல, கல்லே உருகியது. இதைச் சொல்லாவிட்டால், கிரானைட் தண்ணீரில் விளைந்தது என்று விடைத்தாளில் வரும்.

கயிற்றில் 454 கோடி ஆண்டு

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. அதைக் காட்ட மைதானத்தில் 45.4 மீட்டர் கயிறு. 1 மீட்டர் 10 கோடி ஆண்டு, 1 செ.மீ. 10 லட்சம், 1 மி.மீ. 1 லட்சம். நைலான் கயிறு இழுத்தால் நீளும்; சணல் கயிறு நல்லது. கோடியையும் மில்லியனையும் குழப்புவதால்தான் அதிகத் தவறு நேர்கிறது: 100 மில்லியன் என்றால் 10 கோடி, 1 பில்லியன் என்றால் 100 கோடி. இதைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்றைய முனையிலிருந்து அளக்க வேண்டும். பரங்கிமலையின் சார்னோகைட் என்ற பாறை சுமார் 250 கோடி ஆண்டு, 25 மீட்டர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறையில் பதித்த கல்லும் இதே வகை. பெயர் அங்கிருந்து வந்தது. ஓடும் கூடும் உள்ள விலங்குகள் பெருகியது 5.4 மீட்டரில். அரியலூர் கல்லங்குறிச்சிப் பகுதியின் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல் சுமார் 7 கோடி ஆண்டு, வெறும் 70 செ.மீ. அப்போது அங்கே கடல். அந்தச் சிப்பிகள்தான் இன்று சிமென்ட் ஆகின்றன. டைனோசர் அழிவு 66 செ.மீ., திருவக்கரைக் கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்) சுமார் 20 செ.மீ. (பார்க்கக் கூட்டிப்போகலாம், அது பாதுகாக்கப்பட்ட இடம், துண்டுகூட எடுக்கக் கூடாது.)

நம் மனித இனத்துக்கு 3 லட்சம் ஆண்டு, 3 மி.மீ. இதைப் பென்சிலால் குறிக்கலாம். கீழடியை எங்கே குறிப்பது என்று யாராவது கேட்பார்கள். 2,600 ஆண்டு என்றால் 0.026 மி.மீ.; தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும்.

கடைசியாக, அவரவர் கல்லின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். எடுத்த இடமும் அந்த இடத்துப் பாறையின் வயதும் தெரிந்த கல்லுக்கு மட்டுமே சீட்டு. மற்றவை பெட்டியிலேயே இருக்கட்டும். ஊகித்து மாட்ட விடாதீர்கள்.