50 வயதுக்கு மேல் வடசென்னையில் 10 கி.மீ. பந்தயம்

50-ஐத் தாண்டியவரை 10 கி.மீ. பந்தயத்தில் கவிழ்ப்பது பெரும்பாலும் முதல் 3 கி.மீ.தான். விடியலில் உடம்பு லேசாக இருக்கும், சுற்றிலும் இளைஞர்கள் பாய்வார்கள், நாமும் இழுபட்டுவிடுவோம். அதன் பலன் 6-வது கி.மீ.யில் தெரியும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராமல் வழிந்தே போகும். உடம்பு குளிராது, இதயத்துக்கு வேலை கூடும்.

பெயர் கொடுக்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ, டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 60 வயதுக்கு 166. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவு ஏறாது. வாட்ச் காட்டும் எண்ணை நம்பினால் அவர் அளவுக்கு மீறி ஓடிவிடுவார். எல்லாருக்கும் பொருந்துவது பேச்சுதான்: ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகமே முதல் பாதிக்கு ஏற்றது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர், அன்றைய அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் அரை மணி விறுவிறுப்பாக நடப்பவருக்கு 12 வாரப் பயிற்சி போதும். வாரத்தில் 3 நாள் ஓட்டம், 2 நாள் நடை. நீள ஓட்டத்தை 4 கி.மீ.யில் தொடங்கி வாரம் அரை கி.மீ. கூட்டுங்கள், 4-வது, 8-வது வாரங்களில் குறையுங்கள். 8 கி.மீ. வந்தால் போதும், கடைசி வாரம் பாதியாக்குங்கள். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பழகினால் பந்தயத்திலும் அதையே செய்யலாம், அதில் வெட்கமே வேண்டாம். இந்த வயதில் கெண்டைக்கால்தான் சட்டென்று பிடித்துக்கொள்ளும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை 15 முறை ஏற்றி மெதுவாக இறக்குங்கள். இப்படி 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் பயிற்சி வேண்டவே வேண்டாம். கண்டெய்னர் லாரிகள் ஓரத்தை அடைத்து நின்றால் நடுரோட்டுக்கு வர வேண்டியிருக்கும், டீசல் புகை வேறு. ஞாயிறு விடியலில் காசிமேடு பக்கமும் ஆகாது: மீன் வாங்க வரும் கூட்டம், ஐஸ் தண்ணீரில் வழுக்கும் தரை. பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போல நடைபாதை உள்ள இடம் நல்லது. தெருவில்தான் ஓடியாக வேண்டும் என்றால் வலப்பக்கமாக, எதிரே வண்டி தெரியும்படி ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, பிறகு நடந்தே கடந்து போங்கள். பந்தயப் பாதையில் மேம்பாலம் இருந்தால் ஏற்றத்தில் நடங்கள். இறக்கத்தில் அடியைச் சுருக்குங்கள், முட்டி கெடுவது அங்கேதான்.

முந்தின இரவு அத்தோ (பர்மா நூடுல்ஸ்), பிரியாணி வேண்டாம். சோறு, ரசம், பொரியல் போதும். 5:30-க்குப் பந்தயம் என்றால் 4 மணிக்கு 2 இட்லி அல்லது 2 வாழைப்பழம், ஒன்றரை டம்ளர் தண்ணீர். தொடையிடுக்கிலும் மார்க்காம்பிலும் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் ஈரத் துணி அறுத்துவிடும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனக்கும். புது ஷூவை அன்றைக்குப் போடக் கூடாது. முட்டிவலி என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடாதீர்கள்; உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கூட்டத்தின் பின்பக்கம் நில்லுங்கள். 80 நிமிடம் இலக்கு என்றால் சராசரி கி.மீ.க்கு 8 நிமிடம். முதல் மூன்று கி.மீ.யையும் தலா 8 நிமிடம் 30 விநாடியில் ஓடினால் 25:30 ஆகும். மீதி ஏழுக்கு 7:47 போதும், அது எட்டக்கூடியதே. தண்ணீர் மேசையில் கப்பின் விளிம்பைக் கிள்ளிப் பிடித்து, நடந்தபடி இரண்டு மூன்று வாய் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி வரும். ஓஆர்எஸ் கரைத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். வெயில் ஏறியதும் கிழக்குப் பக்கக் கட்டடங்களின் நிழலைப் பிடியுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இன்னும் அரை கி.மீ.தானே என்று நடக்காதீர்கள்.

கோட்டைத் தாண்டியதும் நிற்காமல் 10 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். அரை மணிக்குள் இட்லியோடு முட்டையோ சுண்டலோ சாப்பிடுங்கள். அடுத்த 4 நாள் நடை மட்டும், 10 நாளுக்கு வேக ஓட்டம் கிடையாது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.