புற்றுக்கட்டியின் பரிணாம மரத்தை வரைவது எப்படி?

ஒற்றை உயிரணுவில் தொடங்கும் புற்றுக்கட்டி, வளர வளரப் புதிய மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு கிளைகளாகப் பிரிகிறது என்பதை அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976-லேயே விளக்கினார். அக்கிளைகளை மரமாக வரைந்தால், எந்த மாற்றம் முந்தியது, எது பிந்தியது என்று கண்டறியலாம். கிழக்கு கேப் மாகாணத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆராய விரும்பும் தென்னாப்பிரிக்கத் தமிழ் மாணவர்களுக்காக இம்முறையை இங்கே விளக்குகிறேன்.

கட்டியின் திசுவோடு அதே நோயாளியின் இரத்த மாதிரியையும் கட்டாயம் பெறுங்கள். மரத்தின் வேர் அதுதான். பொதுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுத் தொகுதிகளே மிகுந்திருப்பதால், ஆப்பிரிக்க மக்களிடமும் நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரிடமும் பிறப்பிலேயே உள்ள பல வேறுபாடுகள் அவற்றில் இடம்பெறவில்லை. இரத்தத்தோடு ஒப்பிடாவிட்டால் அவை கட்டியில் தோன்றிய மாற்றங்களாகத் தெரியும்; எல்லா மாதிரிகளிலும் இருப்பதால் நேரே அடிமரத்தில் போய்ச் சேர்ந்து அதைப் பொய்யாகப் பருக்கவைக்கும். நம் நாட்டில் இந்த ஆய்வைச் செய்வோர் வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது.

கட்டியின் ஒரே இடத்தில் திசு எடுப்பதும் போதாது. 2012-இல் வெளியான சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வில், மாற்றங்களுள் 63 முதல் 69 விழுக்காடு வரை கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை.

அடுத்து, ஒவ்வொரு மாற்றமும் எத்தனை விழுக்காடு புற்றணுக்களில் உள்ளது என்று கணக்கிடுங்கள். மாதிரியில் 60 விழுக்காடு புற்றணுக்கள் இருந்து, குரோமோசோம் இணையில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருந்தால், அது எல்லாப் புற்றணுக்களிலும் உள்ளபோது வாசிப்புகளில் (வரிசைப்படுத்தும் கருவி அவ்விடத்தில் படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டுகளில்) 30 விழுக்காடு அதைக் காட்டும். 15 விழுக்காடே காட்டினால் பாதிப் புற்றணுக்களில்தான் அது உள்ளது. நகலெண் மாறிய, அதாவது வழக்கமான இரண்டு நகல்களுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள, குரோமோசோம் பகுதிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவற்றைத் தனியே திருத்துங்கள்.

ஒரே மாதிரியில் ஒரு மாற்றம் 70 விழுக்காட்டுப் புற்றணுக்களிலும் மற்றொன்று 60 விழுக்காட்டிலும் இருந்தால், கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறது. ஆகவே சில அணுக்களிலாவது இரண்டும் சேர்ந்தே உள்ளன. ஒவ்வொரு மாற்றமும் ஒருமுறையே தோன்றியது என்று கொண்டால், சிறியது பெரியதன் வழித்தோன்றலாகும். 40, 30 என இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. வேறொரு பகுதியில் அவற்றின் வரிசை தலைகீழாக இருந்தால் இரண்டும் தனித்தனிக் கிளைகள் எனலாம்.

ஒரு பகுதியில் ஒரு மாற்றம் தென்படாவிட்டால், அது அங்கே தோன்றவே இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், அந்தக் குரோமோசோம் துண்டே அங்கு இழக்கப்பட்டதா, அவ்விடத்திற்குப் போதிய வாசிப்புகள் கிடைத்தனவா என்று இரண்டையும் சரிபாருங்கள்.