ஃபோர்ட்ரானிலிருந்து சி-க்கு: கம்பைலர் சொல்லாத தவறுகள்

பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலை சி மொழிக்கு மாற்றும்போது கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பிடித்துக்கொடுக்கும் பிழைகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தமில்லாமல் ஓடி, தப்பான விடை தருபவைதான் நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

அரே என்பது ஒரே பெயரில் வரிசையாக வைத்த மதிப்புகள். அதன் வரிசை எண் ஃபோர்ட்ரானில் 1-இல் தொடங்கும், சியில் 0-இல். இது எல்லோருக்கும் தெரிந்ததால் கவனமாகவே இருப்பார்கள். கோட்டை விடுவது அடுக்கும் முறையில். இரு பரிமாண அரேயை ஃபோர்ட்ரான் நெடுவரிசையாக நினைவகத்தில் வைக்கும்: (1,1), (2,1), (3,1), அப்புறம்தான் (1,2). சி கிடைவரிசையாக வைக்கும். பழைய பைனரி கோப்பை அப்படியே படித்தால் எண்கள் இடம் மாறி உட்காரும். லூப்களின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிகளின்) வரிசையை மாற்றாமல் விட்டால், விடை சரியாக வந்தாலும் பெரிய அரேக்களில் வேகம் படுத்துவிடும்.

அடுத்தது தசம எண். ஃபோர்ட்ரானில் வெறுமனே 0.1 என்று எழுதினால் அது ஒற்றைத் துல்லியம், அதாவது குறைவான இலக்கங்களே சரியாக நிற்கும். சியில் அதைவிட நுணுக்கமான இரட்டைத் துல்லியம். அந்த 0.1-ஐ ஒரு இரட்டைத் துல்லிய மாறியில் போட்டால் பழைய ஃபோர்ட்ரான் நிரலில் 0.10000000149 என்றுதான் நிற்கும். புதிய நிரலின் மதிப்பு உண்மையில் இன்னும் சரியானது. ஆனால் பழைய விடையோடு ஒத்துப்போகாது. முதலில் எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ எழுத்தைப் போட்டுப் பழைய விடையையே வரவழையுங்கள். துல்லியத்தைக் கூட்டுவதைப் பிறகு தனியாகச் செய்யலாம்.

ஃபோர்ட்ரானின் டூ லூப் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கணக்கிட்டுவிடும். எல்லையாக உள்ள மாறியை லூப்புக்குள் குறைத்தாலும் சுற்றுகள் குறையாது. சியின் ஃபார் லூப் ஒவ்வொரு சுற்றிலும் எல்லையைப் புதிதாகப் பார்க்கும். எல்லையைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

பழைய ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் பல, சப்ரூட்டீனின் (பெயர் சொல்லி அழைக்கும் துணை நிரலின்) உள் மாறிகளை நிலையான இடத்தில் வைத்தன. அதனால், மதிப்பைத் தக்கவைக்கச் சொல்லும் சேவ் கட்டளையை எழுதாமலே போன அழைப்பின் மதிப்பு தங்கியிருக்கும். எழுதியவருக்கே தெரியாமல் நிரல் அதை நம்பியிருக்கலாம். சியில் அந்த இடத்தில் குப்பைதான் இருக்கும். சந்தேகமுள்ள மாறிகளுக்கு, மதிப்பைத் தக்கவைக்கும் ஸ்டாட்டிக் என்ற சொல்லைப் போடுங்கள்.

அறிவிக்காத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால், வேறு கட்டளை இல்லாதவரை ஃபோர்ட்ரானுக்கு அது முழு எண். சி கம்பைலர் அறிவிப்பு இல்லை என்று கேட்டதும் ஒரு வரியைச் சேர்த்து வாயடைத்துவிடாதீர்கள். அது மூல நிரலிலேயே நெடுநாளாக ஒளிந்திருக்கும் எழுத்துப்பிழையாக இருக்கலாம். ஒரு வரியில் 72-ஆம் எழுத்திடத்துக்கு அப்பால் இருப்பதை ஃபோர்ட்ரான் 77 கண்டுகொள்ளாது, அதையும் நிரலோடு சேர்த்து நகலெடுத்துவிடக் கூடாது.

பெல் லேப்ஸில் உருவான, ஃபோர்ட்ரானைத் தானாகவே சிக்கு மாற்றும் எஃப்2சி என்ற கருவி தரும் சி நிரல் பார்க்க அழகாக இருக்காது. ஆனாலும் கையால் எழுதியதைச் சரிபார்க்க நல்ல துணை. மாற்றும்போதே கோட்டூக்களை (வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளைகளை) ஒழித்து அழகுபடுத்தும் ஆசைதான் ஆபத்து. ஒவ்வொரு சப்ரூட்டீனுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போன பிறகே அதில் கை வைக்கலாம்.