பிறவி நுரையீரல், மூச்சுப்பாதைக் குறைபாடுகள்: கண்டறிவதில் எங்கே சறுக்குகிறோம்?

"பிறந்த முதல் வாரத்திலிருந்தே மூச்சில் சத்தம் கேட்கிறது" என்று தாய் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் அது "அடிக்கடி வீசிங்" என்று ஏறுகிறது. பாதிச் சறுக்கல் இந்த இடத்திலேயே நடந்துவிடுகிறது. பிறவிக் குறைபாடுகள் அரிதானவை, அதனால்தான் தவறவிடப்படுகின்றன என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆஸ்துமா, நிமோனியா, குரூப் (குரல்வளை வீங்கிக் குரைப்பதுபோன்ற இருமல் வரும் தொற்று), நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்குவது) என்று அநேகமாக ஒவ்வொரு பிறவிக் குறைபாட்டுக்கும் ஓரளவு பொருந்திப்போகிற சாதாரண நோய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், பிறகு வரும் அறிகுறிகள் எல்லாம் அதன் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. சிகிச்சை பலிக்காவிட்டால் மருந்தின் அளவைக் கூட்டுகிறோமே தவிர, பெயரைச் சந்தேகிப்பதில்லை.

எப்போது தொடங்கியது, இடையில் முழுமையாகச் சரியாகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. ஆஸ்துமாவும் சளிக்காய்ச்சல் இரைப்பும் வந்து போகும். நடுவில் குழந்தை நன்றாக இருக்கும். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ தொடங்கி, ஒரு நாளும் முழுமையாக ஓயாத சத்தம் என்றால் மூச்சுப்பாதையின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் வீசிங் அல்ல

ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போதா, இரண்டிலுமா? குரல்வளைப் பகுதியில், அதாவது மார்புக்கூட்டுக்கு மேலே சிக்கல் இருந்தால் பெரும்பாலும் இழுக்கும் மூச்சில் கேட்கும். மார்புக்கூட்டுக்குள் இருக்கும் மூச்சுக்குழலில் என்றால் விடும் மூச்சில். இரண்டிலும் ஒன்றுபோல் கேட்டால், விரிந்து கொடுக்காத நிலையான குறுகல் ஏதோ இருக்கிறது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே உள்ள சுருக்கம் அதற்கு நல்ல உதாரணம். இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் நேராக நெபுலைசருக்குப் போவதை அன்றாடம் காண்கிறோம்.

கைக்குழந்தைகளின் இழுமூச்சுச் சத்தத்துக்கு மிகப் பொதுவான காரணம் லாரிங்கோமலேசியா. குரல்வளையின் மேற்பகுதித் திசு தொய்வாக இருப்பதால் மூச்சை இழுக்கும்போது உள்ளே மடிகிறது. முதல் சில வாரங்களில் தொடங்கி, சில மாதங்கள் கூடி, பெரும்பாலான குழந்தைகளில் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே அடங்கும். அழும்போதும், பால் குடிக்கும்போதும், மல்லாந்து படுக்கும்போதும் அதிகமாகும். இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. சிலர் இதை இளைப்பு என்று நினைத்து மருந்து கொடுக்கிறார்கள். வேறு சிலர், "லாரிங்கோமலேசியாதான், வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஸ்கோப் (மூச்சுப்பாதைக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) போடாமலே அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது, ஆபத்தே அங்கேதான். எடை ஏறாத குழந்தை, நீலம் பாய்கிற குழந்தை, குரல் கம்மிய குழந்தை, இரு மூச்சிலும் சத்தம் கேட்கிற குழந்தை ஆகியோரை இந்த ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. லாரிங்கோமலேசியா உறுதியான குழந்தைக்கே அதற்குக் கீழே இரண்டாவது குறைபாடு ஒன்று இருக்கலாம்.

மூச்சுக்குழலே தொய்ந்திருக்கும் ட்ராக்கியோமலேசியாவில் குரைப்பதுபோன்ற கரகரத்த இருமலும், மார்பின் நடுவில் ஒரே சுருதியில் ஒலிக்கும் விடுமூச்சு இரைப்பும் இருக்கும். ஆஸ்துமா இரைப்பு பல சுருதிகளில், மார்பெங்கும் பரவிக் கேட்கும். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் என்ற ஆஸ்துமா மருந்து குழலின் தசையைத் தளர்த்துவதால், தொய்ந்த சுவர் இன்னும் தொய்ந்து சில குழந்தைகளுக்கு நிலைமை மோசமாகிறது. "நெபுலைசர் வைத்தால் அதிகமாகிறது டாக்டர்" என்று சொல்லும் பெற்றோரை, மருந்தைச் சரியாகக் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். நோயைக் காட்டிக்கொடுக்கும் துப்பு அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

குரூப் விஷயத்திலும் இதே கதை. அது வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு வரும் வைரஸ் நோய். மூன்று மாதக் குழந்தைக்குக் "குரூப்" என்றோ, ஒரே குழந்தைக்குத் "திரும்பத் திரும்பக் குரூப்" என்றோ எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்க வேண்டும். குரல்வளைக்குக் கீழே வளரும் ஹீமாஞ்சியோமா என்னும் இரத்தநாளக் கட்டி முதல் சில மாதங்களில்தான் வேகமாகப் பெருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவும் தற்காலிகமாகச் சுருங்கும். உடனே "மருந்து கேட்டது, எனவே குரூப்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தாடி முளைக்கும் பகுதியில், அதாவது தாடை, கீழுதடு, முன்கழுத்தில் சிவந்த ஹீமாஞ்சியோமா இருக்கிறதா என்று பார்க்க விளக்கு வெளிச்சம் போதும். 2008இல் ப்ரோப்ரனலால் என்ற இதய மருந்து இந்தக் கட்டிகளைச் சுருக்குவது தெரியவந்த பிறகு, சரியாகக் கண்டுபிடிப்பதன் பலன் பன்மடங்காகிவிட்டது.

எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிந்தால்

இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது எது என்று கேட்டால், பிறவி மடல் வீக்கத்தை நியூமோதோராக்ஸ் என்று நினைத்து மார்பில் குழாய் போடுவதைத்தான் சொல்வேன். நுரையீரலின் ஒரு மடலுக்குள் காற்று போகிறது, வெளியே வர முடியாமல் தேங்கி மடல் ஊதுகிறது. அதிகமாகப் பாதிக்கப்படுவது இடது மேல் மடல். அடுத்து வலது நடு மடல். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் கறுத்து, இதயம் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். குழந்தை மூச்சுத் திணறுகிறது. கை தானாகக் குழாயைத் தேடுகிறது. அந்த அவசரத்திலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க முடியும். கறுப்புப் பகுதிக்குள் மெல்லிய இரத்தநாளக் கோடுகள் ஓடினால் அது நுரையீரல் திசு. நியூமோதோராக்ஸில் அந்தக் கோடுகள் இருக்காது. அடுத்து, சுருங்கிய நுரையீரல் எங்கே கிடக்கிறது என்பது. காற்றுக்கசிவில் அது நடுவிலுள்ள வேர்ப் பகுதியை நோக்கிச் சுருங்கும், அதன் விளிம்புக்கோடு தெரியும். ஊதிய மேல் மடலோ பக்கத்து மடலைக் கீழே நெருக்கி வைத்திருக்கும். குழாயைப் போட்டால் ஊதிய நுரையீரலே கிழியும். அழுத்தக் காற்று கொடுத்தால் மடல் மேலும் ஊதும்.

இதற்கு நேரெதிரான தோற்றமும் உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் அதே மடலில் கருக்காலத் திரவம் வடியாமல் தேங்கி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியலாம். நிமோனியா என்று எழுதப்படும். திரவம் வடிந்ததும் கறுக்கும். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். நெருக்கப்பட்டு வெண்மையாகத் தெரியும் பக்கத்து மடலை நோய் என்றும், ஊதிய மடலை ஆரோக்கியமானது என்றும் தலைகீழாகப் படிப்பதும் நடக்கிறது.

பிறவி உதரவிதானக் குடலிறக்கமும் இதே வலையில் சிக்கவைக்கும். பெரும்பாலும் இடதுபுறம் வருவது இது. பிறந்தவுடனே தெரியாமல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளிப்படும் குழந்தைகளும் உண்டு. மார்புக்குள் ஏறிய இரைப்பையோ குடலோ, காற்றுக்கசிவு போலவும் சீழ்க்குழிகள் போலவும் தோன்றும். குழாய் போட்டால் இரைப்பையில் ஓட்டை விழும். சந்தேகம் வந்தால் முதலில் மூக்கு வழியாக இரைப்பைக் குழாயைச் செலுத்தி, மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். குழாயின் நுனி மார்புக்குள் தெரிந்தால் விஷயம் முடிந்தது. வயிற்றுப் பகுதியில் குடல்காற்று வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மார்பு எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது வயிற்றைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

சாய்ந்து எடுத்த படத்தில் ஒரு பக்கம் கறுத்துத் தெரிவதும், மேல்மார்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் சாதாரணத் தைமஸ் சுரப்பி கட்டிபோலத் தெரிவதும் வேறு வகைத் தொல்லைகள். படம் நேராக எடுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும்.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமோனியா

ஆண்டிபயாட்டிக் கொடுத்துக் காய்ச்சல் விட்டதும் கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் அதே கீழ் மடலில் நிமோனியா. பழைய படம் யாரிடமும் இல்லை. எத்தனை முறை வந்தது என்பதைவிட, எந்த இடத்தில் வந்தது என்பதே முக்கியம். வெவ்வேறு இடங்களில் வந்தால் எதிர்ப்பாற்றல் குறைபாடு, புரையேறுதல் போன்றவற்றை யோசிக்கலாம். ஒரே இடம் என்றால் அங்கே அமைப்பில் கோளாறு இருக்கலாம், மூச்சுக்குழலுக்குள் போன பொருள் சிக்கியிருக்கலாம், வெளியிலிருந்து ஏதாவது அழுத்தலாம். குழந்தை நலமாக இருக்கும்போது, சில வாரங்கள் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துவைப்பது இங்கே மிகவும் உதவும். அப்போதும் நிழல் மறையாவிட்டால் நோய்த்தொற்று மட்டும் காரணமல்ல. பெற்றோரும் பழைய படங்களைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதி வைத்திருப்பது நல்லது.

செக்வெஸ்ட்ரேஷன் என்னும் பிரிந்த நுரையீரல் திசு இப்படித்தான் பள்ளி வயதுவரை ஒளிந்திருக்கும். மூச்சுக்குழல் தொடர்பு இல்லாத அந்தத் திசுவுக்கு இரத்தம் நுரையீரல் தமனியிலிருந்து வருவதில்லை. பெருந்தமனியிலிருந்து நேராக வரும். சில சமயம் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியிலிருந்து உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு வரும். எனவே இங்கே கான்ட்ராஸ்ட் (இரத்தநாளங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) இல்லாமல் சிடி எடுப்பது, அல்லது ஸ்கேனை மார்போடு நிறுத்திக்கொள்வது பெரிய தவறு. அந்தத் தமனி இருப்பது தெரியாமல் அறுவைசிகிச்சை செய்தால் கடும் இரத்தப்போக்கு ஏற்படலாம். அரைகுறையாக எடுத்துவிட்டு மறுபடி எடுப்பதால் குழந்தைக்குக் கதிர்வீச்சும் இரட்டிப்பாகிறது.

கருவில் பார்த்த கட்டி "மறைந்துவிட்டது"

இருபது வார ஸ்கேனில் நுரையீரலில் கட்டி தெரிகிறது. சிபிஏஎம் எனப்படும் பிறவி நுரையீரல் கட்டிகள் ஏறக்குறைய 26 வாரம் வரை வேகமாக வளர்ந்து, 28 வாரத்துக்குப் பின் தணிவது வழக்கம். கட்டியின் கன அளவைத் தலைச் சுற்றளவால் வகுத்து வரும் எண் 1.6க்கு மேல் போனால், கருவின் உடலில் நீர்கோக்கும் ஆபத்து கூடுதல். இவை ஒழுங்காகக் கவனிக்கப்படுகின்றன. கோட்டைவிடுவது அதற்குப் பிறகு. கடைசி மூன்று மாதங்களில் சுற்றியுள்ள நுரையீரலும் அதே வெளிச்சத்தில் தெரியத் தொடங்குவதால் கட்டி கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது. பிறந்ததும் எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. "கரைந்துவிட்டது" என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்கு, சில மாதங்கள் கழித்துக் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தால் கட்டி அதே இடத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே சரியாக இருப்பது இங்கே எதையும் நிரூபிப்பதில்லை.

சிடி படத்தை மட்டும் வைத்து "சாதாரண நீர்க்கட்டி" என்று உறுதி சொல்வதும் சரியல்ல. ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற அரிய புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் சிபிஏஎம் போலவே தோன்றும். படத்தில் இரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. 2009இல் டைசர்1 மரபணு மாற்றத்துடன் இதற்குள்ள தொடர்பு கண்டறியப்பட்டது. இரண்டு நுரையீரலிலும் கட்டிகள், கருவில் தெரியாமல் பிறகு வந்த கட்டி, குடும்பத்தில் சிறுவயதிலேயே தைராய்டு முடிச்சுகளோ சிறுநீரகக் கட்டிகளோ இருந்த வரலாறு ஆகியவை எச்சரிக்கை மணிகள். குடும்ப வரலாற்றை "ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் நிரப்பும் பழக்கம் இங்கே மோசமாகக் காலை வாரிவிடும்.

சரியான பரிசோதனை, தவறான விதம்

தொய்வு நோய்கள் அசைவில்தான் தெரியும். ஆழ்ந்த மயக்கத்தில், மூச்சை இயந்திரத்தின் கையில் விட்டு ஸ்கோப் போட்டால், அழுத்தக் காற்று குழலை விரித்துவைக்கும். "இயல்பு" என்று அறிக்கை வரும். குழந்தை தானே மூச்சுவிடும்போது பார்க்க வேண்டும். ஆனால் குரல்வளைப் பிளவைத் தேட வளையும் ஸ்கோப் மட்டும் போதாது. விறைப்பான ஸ்கோப்புடன் பின்புறத்தைக் கருவியால் விலக்கித் தொட்டுப் பார்க்க வேண்டும். பால் குடிக்கும்போதெல்லாம் இருமுகிற குழந்தைக்கு ஹெச் வகை உணவுக்குழல்-மூச்சுக்குழல் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க, வெறுமனே பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) விழுங்கவைத்துப் படம் எடுத்தால் பல நேரம் தப்பிவிடும். இணைப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். உணவுக்குழலுக்குள் விட்ட குழாயை மெல்ல மேலே இழுத்துக்கொண்டே கான்ட்ராஸ்ட் செலுத்த வேண்டும்.

பெருந்தமனி பிறவியிலேயே தவறாக அமைந்து உண்டாகும் பெருந்தமனி வளையம் மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் சுற்றிச் சேர்த்து நெரிக்கும். திட உணவு தொடங்கிய பிறகு விழுங்கச் சிரமப்படும் குழந்தையில் அதையும் நினைக்க வேண்டும். பேரியம் படத்தில் உணவுக்குழலின் பின்புறம் பள்ளம் விழுந்தால் வளையம். முன்புறம் விழுந்தால் இடது நுரையீரல் தமனி தவறான வழியில் சுற்றிவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகைய குழந்தைகளில் மூச்சுக்குழலின் குருத்தெலும்பே முழு வளையமாகி இறுகியிருப்பதும் உண்டு. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) சரியாக இருக்கிறது என்பதால் இவற்றை விலக்கிவிட முடியாது, ஏனெனில் வளையத்தில் இரத்தம் ஓடாமல் நாண்போல் இருக்கும் பகுதி எக்கோவில் தெரியாது.

ஒரு குறைபாட்டைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடுவது கடைசித் தவறு. மூக்கின் பின்துளை இருபுறமும் அடைபட்ட பச்சிளங்குழந்தை அழும்போது சிவந்து, வாயை மூடியதும் நீலமாகும். அந்தக் குழந்தையின் கண், காது, இதயத்தையும் பார்த்தே ஆக வேண்டும். உணவுக்குழல் அடைப்புடன் பிறந்தால் முதுகெலும்பு, ஆசனவாய், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதில் கரகரத்த இருமல் வந்தால், ஆஸ்துமா இன்ஹேலரை எழுதும் முன் மூச்சுக்குழல் தொய்வு இருக்கிறதா, தைத்த இடத்தில் உணவுக்குழல் சுருங்கியிருக்கிறதா, அறுவையில் மூடிய உணவுக்குழல்-மூச்சுக்குழல் இணைப்பு மறுபடி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.