வேலூர் நகரப் பள்ளிகளில் கல்வி ஆய்வைத் தொடங்குவது எப்படி?

ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஆய்வைச் செய்ய விரும்பும் கல்வியியல் மாணவர்கள், தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற்று, அதன் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, எந்த வகுப்பில் உட்காரலாம் என்பதை அவரிடமே கேளுங்கள்.

முதல் மாதம் வினாப்படிவம் எதுவும் வேண்டாம். வகுப்பாசிரியர் அருகில் இருக்கும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை அறிவியல் பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, வரியின் கீழ் நகரும் விரலைக் கவனியுங்கள். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லில் ‘ஒளிச்சே’ வரை வந்து விரல் நின்றுவிட்டால், அறிவியல் புரியவில்லை என்று குறித்துவிடாதீர்கள்; ‘ர்க்’ என்று இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருமிடத்தில்தான் தடை இருக்கிறது, அதற்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் இங்கே நிறைய இருப்பதால், வீட்டுமொழியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் பிள்ளையின் உண்மைப் பெயர் இடம்பெறக் கூடாது.

அடுத்து, பெற்றோரின் சம்மதத்தோடு மாலை நேரத்தில் வீட்டுக்குப் போங்கள். பீடி சுற்றும் வீடுகளில், முறத்தை மடியில் வைத்திருக்கும் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டே பாடம் படிக்கும் பிள்ளையைப் பார்த்த பிறகு, ‘வீட்டுப்பாடம் செய்வதில்லை’ என்ற ஒற்றை வரியை எழுத உங்களுக்கு மனம் வராது.

பார்த்து எழுதுவதோடு நின்றுவிடாமல், கைகொடுக்கவும் வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3,50,000-ஐத் தாண்டக் கூடாது. பள்ளிப் பதிவேட்டிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே சரிபார்த்து, பிழை இருந்தால் பெற்றோரோடு இ-சேவை மையத்துக்கு நீங்களும் போங்கள். இதற்கு ஒரு நாள் போனால் போகட்டும்.

கண்டறிந்தவற்றை ஆய்விதழுக்கு அனுப்பும் முன், பள்ளி மேலாண்மைக் குழுவில் எளிய தமிழில் வாசித்துக் காட்டுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் தாய்மார்கள் வர முடியாது. ஆகவே நேரத்தை அவர்களிடம் கேட்டே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.