சிங்களம் படிக்கப் போய்த் தமிழில் கண்ட பிழைகள்

நாற்பது வயது தாண்டித்தான் சிங்களம் படிக்கத் தொடங்கினேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இத்தனை வருடம் கவிதை எழுதியவனுக்கு இன்னொரு மொழி தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. வரவில்லை.

முதல் தவறு, சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தது. என் கொப்பியில் 'கல' இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றுக்குப் பாறை என்று பொருள், மற்றதற்குக் காலம். நமக்குக் 'கடல்' என்றாலும் 'தங்கம்' என்றாலும் ஒரே க தான். இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்வோம். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. பாறையின் முதல் எழுத்து தங்கத்தில் வரும் க, காலத்தின் முதல் எழுத்து கடலில் வரும் க. எழுத்தை முதலில் பழகுங்கள், சொற்கள் பிறகு சேரட்டும். நான் தலைகீழாகச் செய்து ஒரு கொப்பியையே வீணாக்கினேன்.

அடுத்த தவறு கவிதையில். எழுதுவதற்கு நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திருப்பது. எங்கள் ஊர்க் கல்லடிப் பாலத்தில் மீன் பாடும் என்று காது கொடுத்து நின்ற இரவுகளில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்தான்.

ஊர்ச்சொல்லுக்கு வெட்கப்படுவது இன்னொன்று. வாயில் 'ஒள்ளுப்பம்' என்று வந்ததைத் தாளில் 'சிறிதளவு' என்று மாற்றிவிட்டு, வரி ஏன் செத்துக் கிடக்கிறது என்று யோசித்திருக்கிறேன். 'மறுகா'வும் இப்படித்தான் 'பின்னர்' ஆகிப் போனது.

சரி, எனக்கு உண்மையில் உறைத்த விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் படித்த 'மம யமி'யை அம்பாறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டார். யாராவது வந்து 'யான் செல்கின்றேன்' என்றால் நாமும் சிரிப்போம்தானே. தமிழைப் போலவே சிங்களத்திலும் எழுத்து வேறு, பேச்சு வேறு. பேசும்போது 'மம யனவா' என்று திருத்தினார். நான் போகிறேன் என்பதற்கு மம யனவா, அவர் போகிறார் என்பதற்கு எயா யனவா, நாங்கள் போகிறோம் என்பதற்கு அபி யனவா. யார் போனாலும் வினை அசையாது. போவது யார் என்று வினையைக் கேட்டால் பதில் இல்லை.

தமிழில் 'போகிறேன்' என்றாலே ஆள் உள்ளே இருக்கிறார். அப்படியிருக்க ஏன் வரிக்கு வரி 'நான்' போடுகிறோம்? வீட்டுக்கு வந்து பழைய கவிதை ஒன்றை எடுத்தேன். பதினாறு வரி, பதினொரு 'நான்'. ஒன்பதை வெட்டினேன். பத்தாவதை வெட்டப் போனால் கவிதையின் அந்த இடத்தில் என் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன். கடைசி 'நான்' இன்னும் பென்சில் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது.