முதலில் யூடியூப், அப்புறம் காப்புரிமை: நம்மூர்க் கண்டுபிடிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் நுங்கு எடுக்க ஒரு மெஷின் செய்தார். பனங்காயை வைத்து மிதியை அழுத்தினால் மூன்று கண்ணும் கிழியாமல் வெளியே வரும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் வைத்தார். சால்வை போட்டார்கள். யாரோ வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினார்கள். எட்டு மாதம் கழித்து அவர் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்தபோது, காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அனுப்பிய ஆட்சேபத்தில் முதல் ஆதாரமாக நின்றது அதே வீடியோ. "என் மெஷினைக் காட்டியே என்னை மடக்கிட்டானுவ வே" என்றார்.

1970 காப்புரிமைச் சட்டப்படி கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதிக்கு முன்பே ஊரறிந்த விஷயமாகிவிட்டால், அதை ஊருக்குச் சொன்னது நீங்களேயானாலும் புதுமை போயிற்று. கண்காட்சிக்கு 12 மாதச் சலுகை உண்டே என்பார்கள். உண்டுதான், ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்குத்தான். கல்லூரி விழாவில் கலெக்டரே ரிப்பன் வெட்டினாலும் அது கணக்கில் வராது.

இத்தனைக்கும் செலவு பெரிதில்லை. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு வரைவு தயாராகாவிட்டால் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். அதற்காகப் புரொவிஷனலில் நாலு வரி எழுதி ஒப்பேற்றக் கூடாது. அதில் சொல்லாத பகுதிக்குப் பழைய தேதி கிடைக்காது. அப்புறம், விண்ணப்பித்தால் மட்டும் பரிசோதனை நடக்காது. படிவம் 18-ல் தனியாகக் கேட்க வேண்டும். 2024 விதிகளின்படி அதற்குக் கெடு 31 மாதம். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே வைத்துக்கொள்வார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 'மானியம்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகியதில்தான் பாதிக் குழப்பம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் வருவது வங்கிக் கடனோடு ஒட்டிய மானியம். தொழில் தொடங்கத்தான் அது, ஆராய்ச்சிக்கு இல்லை. அந்த மானியத் தொகை கைக்கு வராது, மூன்று வருடம் வங்கியிலேயே கிடக்கும். ஏற்கெனவே ஓடுகிற பட்டறையைப் புதிய தொழில் என்று காட்டவும் முடியாது. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி வேறு ரகம். மாதிரி செய்து சோதித்துப் பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை, திருப்பித் தர வேண்டாத பணம். இன்குபேட்டர் எனும், புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடும் மையம் வழியாக, வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். கட்டடம் கட்ட அதைத் தொடக் கூடாது. மாநில அரசின் டான்சீட் நிதியை வாங்கினால் நிறுவனத்தில் சிறு பங்கு கொடுக்க வேண்டும். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் உண்டு.

உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தாலே ஸ்டார்ட்அப் ஆகிவிடாது. தனி உரிமையாளர் தொழிலுக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது. பதிவு செய்த கூட்டாண்மை, எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் போன்ற ஓர் அமைப்பாக இருக்க வேண்டும். அதற்காக யோசனை தோன்றிய அன்றே கம்பெனி பதியவும் ஓடாதீர்கள். விதை நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிந்து இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அந்தக் கடிகாரம் பதிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

பொதிகை மலை மூலிகையை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இன்னொன்று. பாட்டி வைத்தியத்தை அப்படியே எழுதிக் கொடுத்தால் காப்புரிமை கிடைக்காது, சட்டத்தின் 3(p) பிரிவு பாரம்பரிய அறிவை விலக்குகிறது. நம் மண்ணின் உயிரியல் வளத்திலிருந்து உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாலும், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை ஒன்று பாக்கி இருக்கும். பத்தமடைப் பாய்க்கு இருப்பது புவிசார் குறியீடு. அது ஊருக்குச் சொந்தம், தனியொருவர் பேரில் எழுதி வாங்க முடியாது. ஆனால் கோரையைச் சன்னமாகக் கிழிக்கப் புதிதாக ஒரு கருவி செய்தால், அதற்குக் காப்புரிமை கேட்கலாம்.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. காயைத் தானாகத் திருப்பும் பகுதி ஒன்றைப் புதிதாகச் செய்து, அதற்கு மட்டும் விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறார். கண்காட்சிக்கு யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் பழைய மெஷினைத்தான் கொண்டுபோகிறார்.